பாடாங் மேஹாவின் ராடார்காரர்

இருளப்பன் என்று கேட்டால் மலேசியாவின் கெடாவில், பாடாங் மேஹா தோட்டத்துப் பக்கம் பாதிப் பேர் முழிப்பார்கள். ராடார்காரர் என்று கேளுங்கள், கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வாசலில் விட்டுவிட்டு வருவார்கள். அந்தப் பெயர் அவனுக்கு எப்படி வந்தது, வந்த பிறகு அவனை என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். மனசுக்கு இதமான கதை இல்லை. இதமான கதைதான் வேண்டும் என்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அந்த ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ராமையாவின் கடைசிப் பிள்ளை அவன். பக்கத்து ஊரான கூலிமில் படித்து முடித்து, எழுபத்திரண்டில் ஆகாயப் படையில் சேர்ந்தான். மகன் விமானம் ஓட்டப் போகிறான் என்று ராமையா தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், ஒரு வீடு பாக்கியில்லாமல் சொல்லி வைத்தார். படைக்காரர்களோ அவனை வடக்கே ஜித்ராவைத் தாண்டி, ஒரு குன்றின் மேல் இருந்த ராடார் நிலையத்துக்கு அனுப்பி, ஜன்னல் இல்லாத இருட்டறையில் நிற்க வைத்தார்கள். எந்தக் குன்று என்று என்னைக் கேட்காதீர்கள். உள்ளே நடப்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டவன், அந்தக் குன்றின் பெயரை மட்டுமாவது கடைசி வரை காப்பாற்றினான்.

குன்றின் உச்சியில் ஒரு பெரிய இரும்பு வலை ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அது வீசும் அலை, போகிற விமானத்தில் பட்டுத் திரும்பினால், உள்ளே வட்டத் திரையில் ஒரு பச்சைப் புள்ளி விழும். திரைக்கு முன்னால் இருப்பவர் புள்ளி இருக்கும் இடத்தைச் சொல்ல, அறை நடுவே ஆளுயரத்துக்கு நிற்கும் கண்ணாடிப் பலகையின் பின்னால் நின்று இருளப்பன் அதை மெழுகுப் பென்சிலால் எழுதுவான். முன்னால் உட்கார்ந்திருக்கும் அதிகாரிகள் நேராகப் படிக்க வேண்டுமே, அதனால் பின்னால் நிற்பவன் எழுத்து, எண் எல்லாவற்றையும் இடவலமாகத் திருப்பி எழுத வேண்டும். முதல் மாதம் தலை சுற்றியது. அப்புறம் கை பழகிவிட்டது.

திரைக்கு முன்னால் இருந்தவர் ஜெரார்ட், கூலிம்காரர், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற மனிதர். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு திரையைப் பார்ப்பார். முதல் நாளே இருளப்பனிடம் ஒன்று சொன்னார்.

"இதுக்கு சுத்தி உள்ளதெல்லாம் தெரியும் தம்பி. தன் தலைக்கு நேர் மேல இருக்கிறது மட்டும் தெரியாது. அந்த எடத்துல இது குருடு. மனுசன் மாதிரிதான்லா."

இருளப்பன் சிரித்தான். சிரித்தவனைக் குறை சொல்லி என்ன செய்வது, வயசு அப்படி.

தோட்டத்தில் இன்னொரு காவல் இருந்தது. ஆற்றோரம், மர நிரை முடிகிற இடத்தில், ஜப்பான்காரன் காலத்தில் வெட்டிய பதுங்குகுழி. மேட்டைக் குடைந்து, மரக்கட்டை முட்டுக் கொடுத்து, மேலே மண் போட்டு மூடியது. விமானம் வந்து குண்டு போட்ட அன்று ராமையாவும் இன்னும் சில குடும்பங்களும் அதற்குள் கிடந்து பிழைத்தார்கள். லயத்தில் தங்கியவர்கள் பிழைக்கவில்லை. சண்டை முடிந்த பிறகு அதை மூட யாருக்கும் மனசு வரவில்லை. வாயிலில் ஒரு கல்லை நட்டு, சூலம் குத்தி, குழி முனி என்று பெயர் வைத்து, வருஷா வருஷம் ஆடியில் சேவல் அறுத்துப் படைத்தார்கள். மற்ற தோட்டத்தில் முனியைக் கும்பிடத்தான் முடியும், எங்கள் முனியின் மடிக்குள்ளேயே போய் உட்காரலாம் என்று பெருமை வேறு. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் உள்ளே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் கிடத்தி எடுப்பார்கள். முட்டுக்கட்டைகளைக் கரையான் தின்றுகொண்டிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. சாமி இருக்கிற இடத்தில் கரையானைப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

எழுபத்தெட்டில் இருளப்பனுக்குக் கல்யாணம். பெண் அதே தோட்டத்துக் குணவதி. தகப்பன் இல்லாத பெண், அம்மா பிச்சையம்மாளுக்கு ஒரே மகள். ஜித்ராவில் சின்னதாக ஒரு வீடு பிடித்தார்கள். சமையல் ஆவி படிந்த ஜன்னல் கண்ணாடியில் அவன் உள்ளே நின்றபடி அவள் பெயரைத் திருப்பி எழுதுவான். வெளியே துணி எடுக்கப் போனவள் அதை நேராகப் படித்துவிட்டு, "வேல இல்லியா ஒங்களுக்கு?" என்று சிரிப்பாள். ராமையா அந்த வருஷக் கடைசியில் கண்ணை மூடினார். பேரப்பிள்ளையைப் பார்க்கவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

மறு வருஷம் குணவதி மாசமாகி, ஏழாம் மாதத்தில் வளைகாப்பு. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தானே, பிச்சையம்மாள் வந்து மகளைத் தோட்டத்துக்கு அழைத்துப்போனாள். அப்போதுதான் ரேடியோவிலும் பேப்பரிலும் ஒரே பேச்சு. அமெரிக்காக்காரன் ஆகாயத்தில் விட்ட ஸ்கைலேப், ஒரு வீடு பெரிசு இரும்பு, கீழே விழப்போகிறது. எப்போது விழும், எங்கே விழும், தெரியாது. வளைகாப்பு விருந்தில் பாயசத்தைக் குடித்துக்கொண்டே தோட்டத்துக் கிராணி மணியம், ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டே ஊர்வம்பு எல்லாம் தெரிந்து வைத்திருக்கிற ஆள், எல்லார் முன்னாலும் கேட்டார்.

"ஏம்பா இருளப்பா, ஒங்க ராடார்ல அது தெரியுதா?"

தெரியாது. அதுதான் உண்மை. அது பறந்த உயரத்துக்கும் வேகத்துக்கும் குன்றின் மேல் இருந்த ராடார் எட்டவே எட்டாது. அதைப் பார்ப்பதற்கென்றே தூரதேசங்களில் ராட்சச ராடார்கள் இருந்தன. தலைக்கு மேலே கடக்கிற சில நிமிஷம் ஒன்று பிடித்துப் பார்க்கும், அப்புறம் விட்டுவிடும், உலகத்தின் வேறொரு மூலையில் இன்னொன்று பிடிக்கும். இடையில் இருப்பது எல்லாம் வெறும் கணக்கு. சூரியன் கொஞ்சம் கொதித்தால் மேலே காற்று உப்பி, அந்த இரும்பைப் பிடித்து இழுத்து, போட்ட கணக்கையும் கெடுத்துவிடும். அந்தக் கணக்குதான் டெலக்ஸ் எந்திரத்தில் அச்சாகி இவர்கள் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. இவ்வளவும் இருளப்பனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பந்தலில் இருந்த அத்தனை பேரும் அவன் வாயையே பார்த்தார்கள். குணவதி கை நிறைய வளையலோடு அவனையே பார்த்தாள்.

"பாத்துக்கிட்டுதான்யா இருக்கோம்" என்றான்.

"அப்ப நம்ம தோட்டத்துப் பக்கம் வந்தா முன்னாடியே சொல்லிருவல்ல?"

"சொல்லாம இருப்பனா?"

அட பாவி! ஒரு வார்த்தை, தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? சிரித்திருப்பார்கள், ரெண்டு நாள் கேலி பண்ணியிருப்பார்கள், மறந்திருப்பார்கள். அன்றைக்குத்தான் அவன் ராடார்காரர் ஆனான்.

ஜூலையில் டெலக்ஸ் அடிக்கடி வர ஆரம்பித்தது. அது பூமியைச் சுற்றுகிற ஒவ்வொரு சுற்றும் எந்த ஊர் மேலே போகும் என்று கோடு போட்டுக் காட்டச் சொன்னார் அதிகாரி. பயிற்சிக்குத்தான். இருளப்பன் கண்ணாடிக்குப் பின்னால் நின்று சிவப்பு மெழுகால் கோடு இழுத்தான். மறுநாள் சாயங்காலத்துச் சுற்றுக்கான கோடு கெடாவின் தெற்கே வந்தபோது அவன் கை நின்றுவிட்டது. கூலிம். கொஞ்சம் தள்ளி, பாடாங் மேஹா. கோடு சரியாக அதன் மேலேதான் போனது.

ஜெரார்ட் அவன் முகத்தைப் பார்த்துவிட்டார். "என்னாலா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"அண்ணே, என் வீட்டுக்காரி அங்கதான் இருக்கா."

"கோடு போற எடமெல்லாம் விழாதுடா. நேத்து கோடு எத்தன ஊரு மேல போச்சு, விழுந்துச்சா? இது கண்ணால பாத்ததில்ல, கணக்கு. போய்த் தண்ணி குடி. வெளிய போய் எவன்கிட்டயும் வாயத் தொறக்காத, சூசாவாயிரும், வம்புல மாட்டிக்குவ."

நியாயமான பேச்சுதான். இருளப்பனுக்கும் அது தெரியும். தெரிந்து என்ன? விடிந்ததும் ஜித்ரா தபால் ஆபீஸுக்குப் போய், தோட்டத்து ஆபீஸுக்குப் போன் போட்டான். எடுத்தது மணியம்.

"கிராணி ஐயா, குணவதிகிட்ட ஒரு சேதி சொல்லணும். இன்னிக்குச் சாயங்காலம் அது நம்ம தோட்டத்து மேலதான் போவுது. வீட்டுக்குள்ள இருக்க வேணாம்னு சொல்லுங்க."

"ஐயையோ! ராடார்ல பாத்தியா?"

தெரியாது என்று சொல்ல அவனுக்குக் கிடைத்த இரண்டாவது சந்தர்ப்பம் அது.

"பாத்தேன்" என்றான்.

"வீட்ல இல்லாம வேற எங்க இருக்கச் சொல்ல?"

"எங்கயாவது... குழியில கிழியில எறங்கி இருக்கச் சொல்லுங்க. சும்மா ஒரு பயத்துக்குத்தான்."

சும்மா ஒரு பயத்துக்குத்தான் என்பதை மணியம் ஆபீஸிலேயே விட்டுவிட்டார். ரப்பர் பால் நிறுக்கிற இடத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றவர்களிடம் சேதியைச் சொன்னபோது அதற்குக் கண் வைத்தார். கேட்டவர்கள் காதும் மூக்கும் வைத்து லயத்துக்குக் கொண்டுபோனார்கள். மத்தியானத்துக்குள், ராடார்காரர் தன் கண்ணால் பார்த்துவிட்டார், அது நேரே தோட்டத்தைக் குறிவைத்து வருகிறது, குழி முனியிடம் போனால்தான் உயிர் மிஞ்சும் என்று ஆகிவிட்டது. மூன்று நாளாக மழை. காலம் தப்பிய மழை. ஆற்றில் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஏறிக்கொண்டிருந்தது. ஆனாலும் எல்லாரும் ஆகாயத்தைத்தான் பார்த்தார்கள்.

குணவதிக்குப் போக இஷ்டமில்லை. "எனக்கு அங்க மூச்சு முட்டும்மா, நான் வரல."

"ஒம் புருசன் சொல்லி அனுப்பியிருக்காருடி. அவரு கண்ணால பாக்காம சொல்லுவாரா? எந்திரி" என்று பிச்சையம்மாள் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள்.

பெண்களும் பிள்ளைகளுமாக உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாசமாயிருக்கிறவள் வருகிறாள் என்றதும் எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். மழை ஒழுகாத, காற்றுப்படாத, ஆக உள்ளே இருந்த இடத்தை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். யாரோ கோணியை மடித்துப் போட்டார்கள். நல்ல மனிதர்கள், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பிச்சையம்மாள் வாயிலில், கல்லுக்கு முன்னால் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு காவலாக உட்கார்ந்தாள்.

அதே நேரத்தில் இருளப்பன் கண்ணாடிக்குப் பின்னால் நின்றான். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கோட்டின் மேல் குறி வைத்துக்கொண்டே வந்தான். சயாம் எல்லை. கெடா. குறி கூலிமைத் தாண்டியது, பேரா மாநிலத்துக்குள் போனது.

"போயிருச்சு, பாத்தியா? நான் சொன்னேன்ல" என்றார் ஜெரார்ட்.

அவருடைய திரையில் அந்த நேரம் முழுக்க ஒரு புள்ளிகூட விழவில்லை. தெற்கே, கூலிம் பக்கம், மழை மட்டும் பச்சைத் திட்டாக அடர்ந்திருந்தது. ராடாருக்கு மழை தெரியும். அன்று அந்தத் தோட்டத்தின் மேல் இருந்த ஆபத்து ராடாரில் நன்றாகவே தெரிந்தது. மழையை யார் பலகையில் எழுதுவார்கள்? இருளப்பன் நிம்மதியாகத் துணியை எடுத்துச் சிவப்புக் கோட்டைத் துடைத்தான்.

இருட்டுவதற்குள், மழையில் ஊறிய மேடு கரையான் தின்ற கட்டைகளை முறித்துக்கொண்டு குழிக்குள் இறங்கிவிட்டது. பெரிய சத்தம்கூட இல்லையாம். வாயிலில் இருந்தவர்கள் தப்பினார்கள், நடுவில் இருந்தவர்களைக் கை கால் அடியோடு இழுத்துப் போட்டார்கள். ஆக உள்ளே இருந்த இடத்தின் மேல்தான் மண் முழுசாக உட்கார்ந்திருந்தது. ஆண்கள் மண்வெட்டியாலும் கையாலும் தோண்டினார்கள். கூலிமிலிருந்து பொம்பா வண்டி வந்து தீயணைப்புக்காரர்களும் தோண்டினார்கள். குணவதியை எடுத்தபோது வளையல்கள் ஒன்றுகூட உடையாமல் இருந்தன.

காலையில் இருளப்பனைக் காவல் அறைக்குக் கூப்பிட்டுச் சேதி சொன்னார்கள். அங்கே மூலையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஸ்கைலேப் இந்துமாக்கடலிலும் ஆஸ்திரேலியப் பாலைவனத்திலும் விழுந்துவிட்டது, எங்கும் உயிர்ச்சேதம் இல்லை என்று செய்தி வாசித்தார்கள்.

பிணத்துக்குப் பக்கத்தில் பிச்சையம்மாள் என்ன சொல்வாளோ என்ற பயத்தோடு தோட்டத்துக்குப் போனான். காறித் துப்பட்டும், செருப்பால் அடிக்கட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தான். அவளோ அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க சொன்னதாலதான் மாப்ள இத்தன உசுரு மிஞ்சுச்சு. அது நம்மளத் தேடித்தான் வந்துச்சு. முனி எம்மவள வாங்கிக்கிட்டு அதக் கடலுக்குத் திருப்பி விட்டுருச்சு. இல்லாட்டி லயமே இருந்திருக்காது."

சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். எல்லாரையும் விட மணியம்தான் உரக்கச் சொன்னார். சேதிக்குக் கண் வைத்தவர், அவருக்கும் அது தேவைப்பட்டதே. இருளப்பனின் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பெண்டாட்டியும் பிள்ளையும் பிணமாகக் கிடக்க, தப்பித்தோம் என்று ஒரு மூச்சு விட்டான். அந்த மூச்சுக்காக அப்புறம் எத்தனையோ நாள் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க அவனுக்குப் பிடிக்கவில்லை.

குழியைத் திரும்பத் தோண்டினார்கள். புதுக்கட்டை முட்டுக் கொடுத்தார்கள். முனிக்குப் பக்கத்தில் இன்னொரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, வளையல் மாட்டிக் குழியம்மா என்றார்கள். மாசமாயிருக்கிறவளுக்குக் குழியம்மாதான் துணை என்று ஆனது. ஏழாம் மாதம் ஆனால் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்து வருவது வழக்கமாயிற்று. பிச்சையம்மாள்தான் பூசாரி. அந்த விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்வதே அவளுக்குப் பிழைப்பாகிவிட்டது. ஆடி பூசையில் முதல் மாலை ராடார்காரருக்கு. அவன் வராமல் இருந்தால் ஜித்ரா வீட்டுக்கே ஆள் அனுப்புவார்கள். வந்து நின்று, தலையைக் குனிந்து, பெண்டாட்டியைக் கொன்றதற்கு மாலை வாங்கிக்கொண்டு போவான். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பலகைக்குப் பின்னாலேயே நின்று எண்களைத் திருப்பித் திருப்பி எழுதிக்கொண்டிருந்தான்.

எண்பத்து மூன்றில், பொங்கல் முடிந்து தைப்பூசம் வருவதற்குள், இன்னொன்று. இந்தத் தடவை ரஷ்யாக்காரனுடையது, உள்ளே அணு உலை வைத்தது, அதுவும் விழுகிறது என்று ரேடியோ சொன்னது. இருளப்பன் லீவில் தோட்டத்துக்கு வந்திருந்தான். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தவனிடம் ஒரு பெண் ஓடிவந்து, எல்லாரும் குழிக்குப் போகிறார்கள், உங்களை வரச்சொன்னார்கள் என்றாள். ஈரக் கையோடு போனான்.

குழி வாயிலில் கூட்டம். மணியத்தின் மகள் பிரேமாவதி, நிறைமாதக்காரி, இடுப்பைப் பிடித்தபடி நின்றாள். மணியம் தன் கையாலேயே ஆக உள்ளே பாய் விரித்து வைத்துவிட்டு வெளியே வந்தார். மேட்டில் முந்தின நாள் மழையின் ஈரம் இன்னும் காயவில்லை.

"வாப்பா இருளப்பா. எம்மவள குழியம்மா மடியில ஒக்கார வச்சிருவோம். நீ ஒரு வார்த்த சொல்லு. அது எப்ப வருது? ராடார்ல பாத்தியா?"

பிரேமாவதி வாயிலுக்குள் ஒரு கால் வைத்துவிட்டாள். இருளப்பன் பாய்ந்து அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தான்.

"பாக்கல" என்றான். "இதையும் பாக்கல, அன்னிக்கும் பாக்கல. எங்க ராடாருக்கு அது தெரியவே தெரியாதுய்யா. யாரோ எங்கியோ போட்ட கணக்கு, நான் ஒரு கோடு இழுத்தேன். அவ்ளோதான். அன்னிக்கு அது நம்மளத் தேடி வரல. மேல போச்சு, போயிருச்சு, கீழ இங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவறதா இல்ல. பாத்தேன்னு சொன்னது பொய்."

அப்புறம் மணியம் மகளின் தோளைப் பிடித்துத் திருப்பி, யார் முகத்தையும் பார்க்காமல் லயத்தைப் பார்க்க நடந்தார். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். போகும்போது ஒரு கிழவர் அவன் காலடியில் துப்பிவிட்டுப் போனார். மூன்றரை வருஷமாக எதிர்பார்த்திருந்தது அது, இப்போதுதான் கிடைத்தது.

பிச்சையம்மாள் மட்டும் போகவில்லை. கல்லில் மாட்டியிருந்த வளையல்களைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் போனதும் தலையைத் தூக்கினாள். கோபம் இல்லை, அழுகை இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற முகம்.

"அப்ப எம்மவ எதுக்கு மாப்ள செத்தா?"

இருளப்பன் அவள் எதிரே ஈர மண்ணில் உட்கார்ந்தான்.

அவள் பதிலுக்குக் காத்திருந்து பார்த்தாள். பிறகு குனிந்து, இத்தனை வருஷம் அணையாமல் காத்த விளக்கை வாயால் ஊதி அணைத்துவிட்டு, எழுந்து வீட்டுக்குப் போனாள்.